மறைவுப் பள்ளியும் மாணவர் உயிரும்: 'நியூ மியூட்டண்ட்ஸ்' சித்திரக்கதைத் தொடர் – ஒரு திறனாய்வு

முன்னுரை

தம் வயதினர்க்கு இல்லாத ஆற்றல் ஒன்று தமக்கு வாய்த்திருப்பதை உணர்ந்த பதின்ம வயதினர் சிலர், ஊரார் கண்ணில் படாத ஓரிடத்தில் ஒன்றுகூடி, ஆசான் ஒருவரின் மேற்பார்வையில் பயிற்சி பெறுகின்றனர். அமெரிக்கச் சித்திரக்கதைகளில் இக்கதைக்கரு அரை நூற்றாண்டுக்கும் மேலாக எடுத்தாளப்பட்டு வருகிறது. 1958ஆம் ஆண்டில் டிசி நிறுவனத்தின் 'அட்வென்சர் காமிக்ஸ்' 247ஆம் இதழில் தோன்றிய 'லீஜன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ்' தனக்கென மன்றக் கட்டடமும் சேர்க்கைத் தேர்வும் வைத்திருந்த இளையோர் குழுவாகும். அதே நிறுவனம் 1964இல் மூத்த வீரர்களின் துணைவர்களாகிய சிறுவர்களை ஒன்றிணைத்து, பின்னர் 'டீன் டைட்டன்ஸ்' எனப் பெயர்பெற்ற குழுவை உருவாக்கியது. இவ்விரண்டும் மன்றங்கள், நண்பர் கூடும் இடங்கள். அவற்றில் ஆசிரியர் இல்லை. ஆகவே ஆசிரியரின் பொறுப்பு என்னும் வினாவும் எழவில்லை.

இவ்வினாவைக் கதையின் நடுவே கொண்டுவந்து வைத்தது, மார்வெல் நிறுவனத்தின் வழியாக ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1963ஆம் ஆண்டு படைத்த 'எக்ஸ்-மென்' தொடர் ஆகும். அதன் கிளையாக 1982இல் தொடங்கிய 'நியூ மியூட்டண்ட்ஸ்' அவ்வினாவை ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் விடாது பின்தொடர்ந்தது. பொழுதுபோக்குப் படைப்பு என்று ஒதுக்கப்படும் இத்தொடர், கல்வி நிறுவனம் ஒன்றின் அறத்தைப் பற்றி எழுதப்பட்ட நீண்ட புனைகதையாகவும் வாசிக்கத்தக்கது. மாணவரைக் காப்பதற்காக மறைத்து வைக்கும் பள்ளி, அம்மறைப்பினாலேயே அவர்களைக் காக்கத் தவறும் பள்ளியாக எவ்வாறு மாறுகிறது என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருளாகும். தொடரின் இரண்டு இறப்புகளை முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு, படைப்பாளர்கள் இவ்வினாவை எந்த அளவிற்கு நேர்மையுடன் எதிர்கொண்டனர் என்பதும், எந்த இடத்தில் பின்வாங்கினர் என்பதும் இங்கு மதிப்பிடப்படுகின்றன.

மறைவுப் பள்ளியின் அமைப்பு

பேராசிரியர் சார்லஸ் சேவியர் நடத்தும் பள்ளி நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட்செஸ்டர் வட்டாரத்தில், சேலம் சென்டர் என்னும் சிற்றூரில் அமைந்திருப்பதாகக் கதை கூறுகிறது. வெளியார்க்கு அது மீத்திறன் மாணவர்க்கான தனியார் பள்ளி. உள்ளே பயில்வோர் மியூட்டண்ட்டுகள். அதாவது, மரபணு மாற்றத்தால் பிறவியிலேயே தனியாற்றல் பெற்று, பெரும்பாலும் பதின்ம வயதில் அது வெளிப்படக் காண்போர். அவர்களை அஞ்சி வெறுக்கும் உலகில் அவர்கள் தம் ஆற்றலை அடக்கியாளக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது பள்ளியின் நோக்கமாகச் சொல்லப்படுகிறது. அக்கல்வி நடைபெறும் இடம் 'அபாய அறை' எனப்படும் பயிற்சிக் கூடம். மாணவர் தம்மைத் தாக்கும் பொறிகளிலிருந்து தப்புவதே அங்குப் பாடமாகும்.

இப்பள்ளியின் மறைப்பை மூன்று அடுக்குகளாகப் பகுத்துக் காணலாம். முதலாவது, ஊரிடமிருந்து மறைப்பு. இதற்குக் கதைக்குள்ளேயே வலுவான காரணம் உண்டு. மியூட்டண்ட்டுகளை வேட்டையாடும் 'சென்டினல்' என்னும் எந்திரங்கள் தொடரின் தொடக்கக் காலத்திலேயே இடம்பெற்றுவிடுகின்றன. எனவே, இவ்வடுக்கைக் குறை கூறுதற்கில்லை.

இரண்டாவது, பெற்றோரிடமிருந்து மறைப்பு. 1980ஆம் ஆண்டு 'எக்ஸ்-மென்' 129ஆம் இதழில் கிட்டி பிரைட் என்னும் பதின்மூன்றரை வயதுச் சிறுமி அறிமுகமாகிறாள். அடுத்தடுத்த இதழ்களில் அவள் பெரும் ஆபத்துக்கு ஆளாகி மீள்கிறாள். மகளைக் காணாது கலங்கிச் சினந்து நிற்கும் தந்தையின் மனத்தை, குழுவைச் சேர்ந்த ஜீன் கிரே தன் உளஆற்றலால் மாற்றிவிட, அவரும் மகளைப் பள்ளிக்கு அனுப்ப இசைகிறார். கதை இச்செயலை ஜீனின் ஆற்றல் கட்டுமீறிச் செல்வதன் அறிகுறியாகவே காட்டுகிறது. உடனிருந்து பார்ப்போர்க்கும் அது நெருடலாகவே இருக்கிறது. ஆயினும் அவ்வாறு பெறப்பட்ட இசைவு பின்னர்த் திருத்தப்படவில்லை. கிட்டி அப்பள்ளி மாணவியாகவே தொடர்கிறாள். பெற்றோரின் இசைவின்றி ஒரு குழந்தையைப் பள்ளியில் சேர்த்தல் தவறெனில், இசைவையே உருவாக்கிச் சேர்த்தல் அதனினும் பெருந்தவறு என்பது சொல்லாமலே விளங்கும்.

மூன்றாவது, மாணவரிடமிருந்தே மறைப்பு. 1968ஆம் ஆண்டு வெளிவந்த 42ஆம் இதழில் சேவியர் இறந்துவிடுகிறார். மாணவர்கள் துயருற்றுக் கலைகின்றனர். 1970இல் வந்த 65ஆம் இதழில்தான் இறந்தவர் சேவியரின் உருவில் இருந்த வேறொருவர் என்பதும், வேற்றுலகப் படையெடுப்பு ஒன்றை எதிர்கொள்ளச் சேவியர் மறைந்திருந்தார் என்பதும், மாணவருள் ஜீன் ஒருத்திக்கு மட்டுமே இவ்வுண்மை தெரியும் என்பதும் வெளிப்படுகின்றன. கதையோட்டத்தில் இது ஒரு திருப்பமாகவே கையாளப்படுகிறது. ஆனால் ஆசிரியரின் சாவுக்கு உண்மையாகவே அழுத மாணவர்களின் நிலையிலிருந்து நோக்கினால், பள்ளியின் மறைப்பு வெளியாரைத் தடுக்கும் மதிலாக மட்டும் நில்லாமல், உள்ளிருப்போரை ஆளும் கருவியாகவும் ஆகிவிட்டது புலனாகும்.

மாணவரா, படையினரா?

'எக்ஸ்-மென்' முதல் இதழில் பள்ளிக்கு வந்து சேரும் ஜீன் கிரே அதே இதழிலேயே ஏவுகணைத் தளம் ஒன்றில் மேக்னீட்டோவுக்கு எதிராகப் போரிட அழைத்துச் செல்லப்படுகிறாள். பள்ளி என்ற பெயர்ப்பலகைக்கும் படை என்ற செயற்பாட்டிற்கும் இடையிலான முரண் தொடரின் பிறப்பிலேயே அமைந்துவிட்டது. 1975ஆம் ஆண்டு முதல் தொடரை எழுதத் தொடங்கிய கிரிஸ் கிளேர்மாண்ட் இம்முரணை உணர்ந்தவர். அவரும் ஓவியர் பாப் மெக்லியோடும் இணைந்து 1982இல் வெளியிட்ட 'நியூ மியூட்டண்ட்ஸ்' முரணுக்கு விடைகாணும் முயற்சியாகவே தொடங்கியது எனலாம்.

எக்ஸ்-மென் இறந்துவிட்டனர் என்று நம்பும் சேவியர், இனி எந்தக் குழந்தையையும் போருக்கு அனுப்பேன் என்று உறுதி பூணுகிறார். புதிதாகச் சேரும் ஐவரும் மாணவரே, வீரர் அல்லர். ஐவரும் ஒரே வகையான கறுப்பு மஞ்சள் சீருடையை அணிகின்றனர். ஒவ்வொருவர்க்கும் தனித்தனி உடை என்னும் இவ்வகைக் கதைகளின் வழக்கத்திற்கு மாறாக அமைந்த இச்சீருடை, அவர்கள் இன்னும் கற்கும் நிலையில் உள்ளவர் என்பதைக் கண்ணுக்குப் புலப்படுத்துகிறது. மாணவர்களின் பின்னணியும் கருதத்தக்கது. கென்டக்கி மாநிலத்துச் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்துச் சாம் கத்ரி, செயென் பழங்குடியைச் சேர்ந்த டேனியெல் மூன்ஸ்டார், ஸ்காட்லாந்தில் கடுமையான சமயக் கட்டுப்பாட்டில் வளர்ந்த ரேன் சின்க்ளேர், பிரேசில் நாட்டுச் செல்வர் மகன் ராபர்ட்டோ ட கோஸ்டா, வியட்நாமிலிருந்து அகதியாக வந்த சியான் கோய் மான் ஆகியோர் வெவ்வேறு மொழியும் வழக்காறும் கொண்டவர்கள். ஆற்றல் ஒன்றே அவர்களை இணைக்கும் பொதுமை.

சேவியரின் உறுதி நிலைக்கவில்லை. 1983இல் வந்த ஆறாவது இதழிலேயே சியான் போர் ஒன்றில் காணாமற்போய், இறந்தவளாகக் கருதப்படுகிறாள். அவள் மீட்கப்பட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மேலும், இப்புதிய மாணவரைச் சேவியர் திரட்டியதற்குப் பின்னால், அவரது உடலில் அவரறியாமலே புகுந்திருந்த 'புரூட்' என்னும் வேற்றுலக உயிரின் தூண்டுதலும் இருந்தது என்று கதை வெளிப்படுத்துகிறது. அவ்வுயிரினம் தன் கருவை வளர்க்க ஆற்றல்மிக்க உடல்களைத் தேடுவது. பள்ளி தொடங்கப்பட்டதன் நோக்கமே மாசுற்றிருந்தது என்னும் இச்செய்தி, அறிவியல் புனைவின் மொழியில் சொல்லப்பட்ட கூர்மையான விமரிசனமாகும். நல்லெண்ணம் கொண்ட ஆசிரியரும் தம் மாணவரை வேறொன்றின் தேவைக்காகத் திரட்டிக்கொண்டிருக்கக்கூடும். அதை அவரே அறியாதிருக்கவும் கூடும்.

மறைக்கும் பழக்கம் ஆசிரியரிடமிருந்து மாணவர்க்கும் பரவுவதை 1984இல் வந்த 18 முதல் 20 வரையிலான இதழ்கள் காட்டுகின்றன. தன் பெற்றோரைக் கொன்றதாகத் தான் நம்பும் பேய்க்கரடி தன்னையும் தேடி வருகிறது என்று டேனியெல் அஞ்சுகிறாள். அவ்வச்சத்தைத் தோழரிடம் பகிராமல், அபாய அறையில் கரடியின் போலியுருவோடு தனியே பயிற்சி செய்து, பனி பொழியும் இரவில் தனியே சென்று, குற்றுயிராகக் கண்டெடுக்கப்படுகிறாள். பில் சின்கேவிச் வரையத் தொடங்கிய முதல் கதை இதுவே. பக்கத்தை நிறைத்து நிற்கும் கரிய உருவமும் அதன்முன் சிறுத்து நிற்கும் சிறுமியும், அதுவரை தொடரில் நிலவிய தெளிந்த கோட்டோவிய மரபை உடைத்தன. அச்சம் பெருகும்போது கோடுகளும் கட்டங்களும் குலைகின்றன. உளநிலையை ஓவிய நடையே உணர்த்தும் இப்பகுதி, தொடரின் கலைச் சிறப்பிற்குத் தலையாய சான்றாகும். பள்ளி அவளுக்குப் போரிடக் கற்றுக்கொடுத்திருந்தது. 'எனக்கு அச்சமாக இருக்கிறது' என்று சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

சொல்லாமல் விடப்பட்ட ஒரு சொல்: லாரி போடைன்

1986ஆம் ஆண்டு நவம்பர் எனத் தேதியிட்ட 45ஆம் இதழில் பெரிய சண்டை எதுவும் இல்லை. ஊர் உயர்நிலைப்பள்ளியின் நடன நிகழ்ச்சிக்கு மறைவுப் பள்ளி மாணவர்கள் செல்கின்றனர். அங்கு லாரி போடைன் என்னும் மாணவனோடு கிட்டி பழகுகிறாள். ஒளியைத் திரட்டிச் சிற்பமாக்கும் ஆற்றல் அவனிடம் உண்டு, அவனும் மியூட்டண்ட். அதை மறைத்துக்கொள்ளும் பொருட்டு மியூட்டண்ட்டுகளைப் பற்றிய இழிவான நகைச்சுவை ஒன்றைச் சொல்கிறான். கேட்டவர்கள் மனம் கசந்து விலகுகின்றனர். உடன்பயிலும் சிலர் 'எக்ஸ்-ஃபேக்டர்' என்னும் மியூட்டண்ட் வேட்டை நிறுவனத்தை அழைத்துவிட்டதாக விளையாட்டாக அவனை மிரட்டுகின்றனர். அவன் மியூட்டண்ட் என்பது மிரட்டியவர்க்கும் தெரியாது. அன்றிரவு அவன் தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறான்.

இக்கதையின் வலிமை அதன் பழியைப் பகிர்ந்தளிக்கும் முறையில் உள்ளது. மிரட்டியவர் கொடியவராகக் காட்டப்படவில்லை. அவர்கள் சிந்தனையற்ற சிறுவர்கள். அவனை விட்டு விலகியோர் அவனுடைய இனத்தவரே. 'நானும் உன்னைப் போன்றவள்தான்' என்ற ஒரு சொல் அவனைக் காத்திருக்கலாம். அச்சொல்லைச் சொல்ல முடியாதவாறு பள்ளியின் மறைப்பு விதி அவர்களைக் கட்டியிருந்தது. தன்னை மறைக்க அவன் சொன்ன நகைச்சுவையும், தம்மை மறைக்க அவர்கள் காத்த அமைதியும் ஒன்றையொன்று சந்தித்தபோது, ஒரே அச்சத்தில் வாழ்ந்த இரு தரப்பும் ஒன்றையொன்று பகையாகக் கருதிப் பிரிந்தன.

இதனோடு இணைத்து நோக்கவேண்டிய மற்றொரு செய்தி உண்டு. அதே ஆண்டில் மார்வெல் தொடங்கிய 'எக்ஸ்-ஃபேக்டர்' தொடரின்படி, அவ்வேட்டை நிறுவனத்தை நடத்துவோர் சேவியரின் முதல் மாணவர் ஐவரே. வேட்டையாடுவதுபோல் நடித்து, பிடிபடும் இளம் மியூட்டண்ட்டுகளைக் காத்து மறைவில் பயிற்சியளிப்பது அவர்கள் திட்டம். அவர்களின் விளம்பரம் மக்களின் அச்சத்தை வளர்த்தது. அவ்வச்சமே லாரியை மிரட்டும் கருவியாயிற்று. காப்பதற்கென மேற்கொண்ட வேடம் காக்கப்பட வேண்டியவனையே அழித்தது. சேவியரிடம் அவர்கள் கற்ற பாடங்களுள் மறைப்பும் ஒன்று. பயின்ற பாடத்தையே அவர்கள் நடைமுறைப்படுத்தினர். இரு தொடர்களையும் சேர்த்து வாசிப்பார்க்கே இத்தொடர்பு முழுமையாகப் புலப்படும்.

லாரியின் நினைவுக் கூட்டத்தில் கிட்டி ஆற்றும் உரை, மனிதரை இழிவுப்பெயரால் சுட்டும் வழக்கத்தைக் கண்டிக்கிறது. உணர்ச்சிமிக்க அவ்வுரை இன்றும் பலராலும் போற்றப்படுகிறது. ஆனால், திறனாய்வு நோக்கில் ஒரு குறையைச் சுட்டுதல் வேண்டும். உரையின் கண்டனம் முழுவதும் ஊர் மாணவரை நோக்கியே செல்கிறது. தன் பள்ளியின் மறைப்பு விதியைக் கிட்டி அங்கு வெளிப்படையாகக் கேள்விக்குட்படுத்தவில்லை. படுத்தவும் இயலாது, ஏனெனில் உரையாற்றும் அவ்வேளையிலும் அவள் தன்னை மறைத்தே நிற்கிறாள். கதை இம்முரணைக் காட்டுகிறது. ஆனால் அதன் விளைவை அடுத்த இதழ்களுக்கு எடுத்துச் செல்லவில்லை. பள்ளியின் விதி எதுவும் மாறவில்லை.

மொழியறிந்தவனின் சாவு: டக் ராம்சி

மொழியாசிரியர்க்கு மிகுந்த ஈர்ப்பைத் தரக்கூடிய பாத்திரம் டக் ராம்சி ஆவான். 1984இல் 13ஆம் இதழில் கிட்டியின் நண்பனாக அறிமுகமாகும் இவனது ஆற்றல், எம்மொழியையும் உணர்ந்துகொள்வதாகும். பேச்சு, எழுத்து, கணினிக் குறியீடு, உடலசைவு என எல்லாக் குறிமுறைகளும் அவனுக்கு விளங்கும். உடல்வலிமையோ தாக்கும் திறனோ அவனிடம் இல்லை. வேற்றுலகிலிருந்து வந்திறங்கும் வார்லாக் என்னும் எந்திர உயிரோடு பேச ஆள் தேவைப்பட்டபோதுதான், 21ஆம் இதழில், அவன் மியூட்டண்ட் என்பதே அவனுக்கு அறிவிக்கப்படுகிறது. அதாவது, பள்ளிக்குத் தேவை ஏற்படும்வரை அவனுடைய இயல்பு அவனிடமிருந்தே மறைக்கப்பட்டிருந்தது. முன்னர்க் கூறிய மூன்றாவது அடுக்கு இங்கும் தொழிற்படுவதைக் காணலாம்.

பகையென அஞ்சி எதிர்த்துநின்ற வார்லாக்கை நண்பனாக்கியது டக்கின் மொழியறிவே. எத்தனையோ சண்டைகளால் ஆகாத ஒன்று ஓர் உரையாடலால் ஆயிற்று. ஆயினும் பள்ளி இதிலிருந்து எதனையும் கற்கவில்லை. அபாய அறையில் மொழிக்குப் பாடம் இல்லை. அங்கு டக் எப்போதும் பின்தங்கியவன். தான் குழுவிற்குச் சுமை என்ற எண்ணம் அவனைத் தொடர்ந்து வருத்துகிறது. நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியனுக்குக் கூறும் உவமைகளுள் நிறைகோலும் ஒன்று. ஐயமின்றிப் பொருளின் நிறையைக் காட்டுவதும், ஒருபாற் கோடாமல் நடுநிற்பதும் அதன் இயல்பு. அவ்வளவுகோலால் மதிப்பிட்டால், சேவியர் பள்ளியின் நிறைகோல் ஒரே வகை எடையை மட்டுமே அறிந்தது. போரில் எவ்வளவு பயன்படுவாய் என்ற எடைதான் அது. அங்கு மொழியறிவுக்கு நிறையில்லை.

1988ஆம் ஆண்டு வெளிவந்த 60ஆம் இதழில், ரேன்மீது பாயவிருந்த துப்பாக்கிக் குண்டுக்குக் குறுக்கே பாய்ந்து டக் உயிர்விடுகிறான். போர் மும்முரத்தில் இருந்த தோழர் அவன் விழுந்ததை உடனே கவனிக்கவும் இல்லை. அப்போது கதையாசிரியர் பொறுப்பில் இருந்தவர் லூயிஸ் சைமன்சன். இச்சாவைத் தியாகம் என்று போற்றுவது எளிது. ஆனால், போருக்குரிய எந்த ஆற்றலும் இல்லாத ஒரு சிறுவன் போர்க்களத்தில் ஏன் இருந்தான் என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது. வேறெந்த வகையிலும் தன் தகுதியை நிறுவ வழியற்றிருந்தவன், இறுதியில் தன் உடலையே கொடுத்து அதனை நிறுவினான் என்றே வாசிக்க வேண்டியுள்ளது. தொடர்ந்துவந்த 64ஆம் இதழில், மனிதர் இறப்பின் பொருளை உணராத வார்லாக், நண்பனின் உடலைச் சவப்பெட்டியிலிருந்து எடுத்துச்சென்று உயிர்ப்பிக்க முயல்கிறான். பேசக் கற்றுக்கொடுத்தவன் பேசாமற் கிடப்பதை ஏற்க மறுக்கும் அந்த உயிரின் தவிப்பு, தொடரின் மிக நெகிழ்வான பகுதிகளுள் ஒன்று.

டக்கின் பாத்திரத்திற்குப் பிற்காலத்தில் வாய்த்த மறுவாழ்வும் இங்குக் கருதத்தக்கது. 2009ஆம் ஆண்டுக் கதைத்தொகுதி ஒன்றின் வழி மீண்ட அவன், 2019இல் ஜோனதன் ஹிக்மன் எழுதிய 'ஹவுஸ் ஆஃப் எக்ஸ்', 'பவர்ஸ் ஆஃப் எக்ஸ்' ஆகிய தொடர்களில் நடுநாயகமாகிறான். உயிருள்ள தீவாகிய கிரக்கோவாவுடன் பேச வல்லவன் அவன் ஒருவனே. மியூட்டண்ட்டுகள் அத்தீவில் தமக்கென நாடு அமைத்தபோது, அந்நாட்டின் மொழியை ஆக்கியதில் அவனுக்கும் பங்கு உண்டு. மனிதருக்கு விளங்காத அம்மொழியின் எழுத்துகள் இதழ்களிலும் அச்சிடப்பட்டன. வாசகர் அவற்றைப் படித்தறியவும் முற்பட்டனர். முப்பது ஆண்டுகளுக்கு முன் சுமையெனத் தன்னைக் கருதிய மாணவன் இன்றி அந்நாடே இல்லை என்றாயிற்று. நிறைகோல் காலந்தாழ்ந்தேனும் திருத்தப்பட்டது எனலாம். அக்கிரக்கோவாக் காலக் கதைகள் 2024இல் நிறைவுற்றன.

பள்ளியின் முடிவும் பின்வந்த திறப்புகளும்

1985இன் இறுதியில் வெளிவந்த 'எக்ஸ்-மென்' 200ஆம் இதழில் சேவியர் உலகைவிட்டு நீங்க, பழைய பகைவராகிய மேக்னீட்டோ பள்ளித் தலைவராகிறார். நாசி வதைமுகாமில் இளமையைக் கழித்து மீண்ட அவர், மாணவரைக் காக்க உண்மையாகவே முயல்கிறார். எனினும் பெரும் அதிர்ச்சிக்கு உள்ளாகி மனம் உடைந்த மாணவரைத் தேற்றும் வழி அறியாமல், 39ஆம் இதழில் அவர்களை எதிரணியைச் சேர்ந்த எம்மா ஃபிராஸ்டின் மாசசூசெட்ஸ் பள்ளிக்கே அனுப்ப நேர்கிறது. 'ஹெலியன்ஸ்' என்னும் பதின்ம வயதுக் குழுவை மறைவில் பயிற்றுவிக்கும் அப்பள்ளி, சேவியர் பள்ளியின் நிழலுருவாகவே படைக்கப்பட்டுள்ளது. பாடமும் ஒன்று, மறைப்பும் ஒன்று, நோக்கம் மட்டுமே வேறு. நோக்கம் நல்லதாயின் முறையும் நல்லதாகிவிடுமா என்ற வினாவை இவ்விணைப்பு எழுப்புகிறது. 1991இல் ஹெலியன்ஸ் மாணவருள் பெரும்பாலோர் ஒரே தாக்குதலில் கொல்லப்பட்டமை அவ்வினாவிற்குக் கிடைத்த கொடிய பதில்.

1990இல் 87ஆம் இதழில் தோன்றும் கேபிள் என்னும் போர்வீரன் எஞ்சிய மாணவர்க்குத் தலைவனாகிறான். 1991இல் நூறாவது இதழோடு 'நியூ மியூட்டண்ட்ஸ்' முடிவுற்று, 'எக்ஸ்-ஃபோர்ஸ்' என்னும் பெயரில் படைக்குழுவாக மாறுகிறது. சீருடை மறைந்து ஆயுதங்கள் பெருகுகின்றன. சந்தை அம்மாற்றத்தை ஆரவாரத்துடன் வரவேற்றது. எனினும் மாணவரா படையினரா என்ற கேள்வியைப் பொறுத்தவரை, தொடர் தன் விடையைத் தேடுவதைக் கைவிட்டு, எளிய விடையைத் தேர்ந்துகொண்டது என்றே கூறவேண்டும்.

கிராண்ட் மாரிசன் 2001 முதல் எழுதிய 'நியூ எக்ஸ்-மென்' தொடரில் பள்ளியின் உண்மை உலகிற்கு அறிவிக்கப்படுகிறது. மறைப்பு நீங்கிய சில காலத்திலேயே, 2003இல் வந்த கதையில், மாணவர் சிலர் பள்ளியை எதிர்த்துக் கலகம் செய்கின்றனர். வாசலைத் திறந்த பிறகே உள்ளிருந்த குரல்களும் கேட்கத் தொடங்கின என்பது பொருத்தமே. ஜோஸ் வீடன் எழுதிய 'அஸ்டானிஷிங் எக்ஸ்-மென்' தொடரின் 2005ஆம் ஆண்டுக் கதையில், அபாய அறைக்கே உணர்வு பிறந்திருந்ததும், அதனை அறிந்தும் சேவியர் அடிமையாக வைத்திருந்ததும் வெளிப்படுகின்றன. 2020இல் வெளிவந்த 'த நியூ மியூட்டண்ட்ஸ்' திரைப்படம் பள்ளியை மருத்துவமனை வடிவிலான சிறையாகவே காட்டியது. பயிற்சி முடிந்தால் சேவியரிடம் செல்வோம் என நம்பும் இளையோர், தாம் வேறொரு நோக்கத்திற்காக அடைத்து வைக்கப்பட்டிருப்பதை அங்கே உணர்கின்றனர். திரைப்படமாக அது முழுமை பெறவில்லை. எனினும் மூலக்கதையில் புதைந்திருந்த ஐயத்தை அது வெளிப்படையாக்கியது.

மாற்றுக் கருத்தும் விளக்கமும்

இவ்வாசிப்பிற்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். வேட்டையாடப்படும் சிறுபான்மையினர்க்கு மறைப்பு தேர்வன்று, தேவை என்பது முதலாவது. இது ஏற்கத்தக்கதே. ஆனால், இக்கட்டுரை குறை காண்பது முதல் அடுக்கை அன்று. பகைவரிடமிருந்து முகவரியை மறைக்கும் பள்ளி, தன் மாணவரிடமும் அவர்தம் பெற்றோரிடமும் உண்மையை மறைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முதலாவதற்குரிய நியாயத்தைக் கொண்டே பின்னவையும் நியாயப்படுத்தப்படுவதே சிக்கலாகும். கேள்வி கேட்பார் இல்லாத இடத்தில் நல்லாசிரியரும் தம் தவற்றை உணர வழியின்றிப் போகிறது.

இரண்டாவது, மாதந்தோறும் வெளிவரும் விற்பனைத் தொடரில் சண்டை தவிர்க்க முடியாதது. அதனைக் கல்வியறத்தின் அளவுகோலால் நிறுப்பது முறையன்று என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. வாசகர் சண்டையை எதிர்பார்க்கின்றனர். ஆகவே மாணவரும் போர்க்களம் சென்றே ஆகவேண்டும். ஆனால், இவ்வளவுகோலை வெளியிலிருந்து நாம் கொண்டுவரவில்லை. பள்ளி என்று பெயரிட்டதும், சீருடை அணிவித்ததும், போருக்கு அனுப்பேன் என்ற உறுதிமொழியை ஆசிரியர் வாயில் வைத்ததும் படைப்பாளர்களே. தாமே எழுப்பிய வினாவிற்குப் படைப்பு எவ்வளவு தூரம் உண்மையாக நடந்துகொண்டது என்று கேட்பது திறனாய்வின் கடமையாகும்.

முடிவுரை

மறைவில் பயிலும் இளையோர் என்னும் கதைக்கரு பதின்ம வயது வாசகரை ஈர்ப்பதில் வியப்பில்லை. தம்மிடம் பிறர் அறியாத ஓர் ஆற்றல் உண்டு, அதனை அறிந்த ஓர் ஆசிரியர் எங்கோ இருக்கிறார் என்னும் நம்பிக்கை அப்பருவத்தின் ஆழ்ந்த ஏக்கங்களுள் ஒன்று. அவ்வேக்கத்தை நிறைவேற்றும் கனவாக மட்டும் நின்றிருந்தால், 'நியூ மியூட்டண்ட்ஸ்' மறக்கப்பட்டிருக்கும். அக்கனவுக்குள் லாரி போடைனின் சாவையும் டக் ராம்சியின் சாவையும் வைத்ததனாலேயே அது நிலைபேறு பெற்றது. ஒருவன் பள்ளியின் மறைப்பு விதியால் எட்டப்படாமல் போனவன். மற்றவன் பள்ளிக்குள்ளேயே இருந்தும் தன் அறிவுக்குரிய மதிப்பைப் பெறாமல் போனவன்.

இவ்விரு சாவுகளின் முழுப்பொருளையும் தொடர் ஏற்றுக்கொண்டதாகச் சொல்வதற்கில்லை. ஒவ்வொரு முறையும் பள்ளியின் கதவுவரை சென்று, உள்ளே நோக்கிவிட்டு, அடுத்த மாதத்துச் சண்டைக்குத் திரும்பிவிடுகிறது. ஆயினும் அவ்வாறு நோக்கிய பக்கங்கள் அச்சில் நிலைத்துவிட்டன. பின்வந்த எழுத்தாளர்கள் பள்ளியைத் திறந்ததும், மொழியறிந்தவனை நடுவே அமர்த்தியதும் அப்பக்கங்களின் தொடர்ச்சியே ஆகும்.

வகுப்பறையில் இலக்கியம் கற்பிப்போர்க்கு இத்தொடர் மற்றொரு வகையிலும் பயன்படும். நல்லெண்ணம் கொண்ட ஆசிரியரை முதன்மைப் பாத்திரமாகக் கொண்ட கதையில், அவரது நல்லெண்ணத்தை ஏற்றுக்கொண்டே அவரது செயலை மதிப்பிடுவது எவ்வாறு என்பதை மாணவரோடு உரையாட இது தக்க களமாகும். அவ்வுரையாடலை 45ஆம் இதழிலிருந்து தொடங்குவது பொருந்தும். மாணவர் எழுப்பும் முதற்கேள்வி பெரும்பாலும் லாரியிடம் எவரும் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்பதாகவே இருக்கும். அதற்கு விடை காண முயலும்போது, பள்ளி என்பது எதற்காக என்னும் கேள்வியும் உடன் எழும்.